ஒட்டிக்கொண்ட டைமன் ரெண்டு

டயர்க்காரருக்கு மெதுவாகப் பேச வராது. பஸ் பணிமனையில் சக்கரம் கழற்றும்போதும் சத்தம், வீட்டில் தண்ணீர் கேட்கும்போதும் சத்தம். அந்த வாயால்தான் கெட்டார். அக்காவின் கணவர் அதே பணிமனையில் எலக்ட்ரீஷியன். தன் புதுவீட்டுக்குத் தானே வயர் இழுத்தார். விருந்தாளிகள் கூடிய நேரத்தில் விளக்கெல்லாம் அணைந்துபோனது. "அத்தான், ஊர் பஸ்ஸுக்கெல்லாம் லைட் போடுறீங்க, வீட்டுக்கு ஒரு மெழுகுவத்தி வாங்கக் கூடாதா?" என்று இவர் இருட்டில் கத்த, கூட்டமே சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தவர் அக்காதான்.

ஆனால் சீட்டு நிற்கவில்லை! மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆடும் ஆட்டத்தில் எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். ஆட்டம் முடியும்வரை கூட்டாளிகள் ஒருவரோடொருவர் பேசவே கூடாது. பேசாத இருவருக்கு இதைவிடத் தோதான விளையாட்டு உண்டா? நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கினால் அது ஒரு பிடி. இத்தனை பிடி எடுப்போம் என்று சவால் விடுவது கேள்வி. கேள்வியை ஏற்றவர் சொல்லும் இனம் துருப்பு. அதில் வெறும் ரெண்டுகூட மற்ற இனத்து ராஜாவைச் சாய்த்துவிடும். இறக்கிய இனம் கையில் இல்லாதபோது மட்டும் துருப்பால் வெட்டலாம். இருக்கும்போதே வெட்டினால் கள்ளவெட்டு. அந்த ஆட்டத்தின் பிடியெல்லாம் எதிராளிக்குப் போய்விடும். அத்தான் எதை இறக்கினாலும் ஏன் இறக்கினார் என்று டயர்க்காரருக்குப் புரிந்துவிடும். அத்தான் தன்னை நம்புவது இந்த மேசையில் மட்டும்தான் என்பதும் அவருக்குத் தெரியும். அதை இழக்க அவருக்கு மனமில்லை.

பணிமனைக் கோப்பைக்கான இறுதி ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஒரு பஸ் பஞ்சராகி வந்து நின்றது. மாற்றுச் சக்கரத்தை மாட்டிவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து உட்கார்ந்தார்.

கடைசி ஆட்டம். அத்தான் துணிந்து ஒன்பது பிடி கேட்டு, இஸ்பேடைத் துருப்பாகச் சொன்னார். எட்டு வந்துவிட்டது. எதிரணி டிரைவர் டைமன் ஏஸை ஓங்கி அடித்தார். டயர்க்காரர் கையைப் பார்த்தார். டைமனே இல்லை! இஸ்பேடு நாலை எடுத்து மேசை அதிர வெட்டினார். ஒன்பது! சுற்றி நின்ற கூட்டம் விசிலடித்தது. அத்தான் முகத்தில், புதுவீட்டு நாளுக்குப் பிறகு, முதன்முறையாக ஒரு சிரிப்பு.

கேள்வி நிறைந்ததும் மிச்சச் சீட்டைக் கவிழ்த்துக் கலந்துவிடுவது அங்கே வழக்கம். டயர்க்காரர் கவிழ்க்கப் போனார். இன்னும் இரண்டு சுற்று பாக்கி, கையில் ஒற்றைச் சீட்டு. விரலால் உரசினார். ஹார்ட்டின் ராணியின் முதுகிலிருந்து, கிரீஸில் ஒட்டிக்கிடந்த டைமன் ரெண்டு மெல்லப் பிரிந்து வந்தது.

யாரும் பார்க்கவில்லை. கலந்துவிட்டால் கோப்பை, அத்தானுக்கு அந்தச் சிரிப்பு. ஆனால் இந்த மேசையிலும் ஏமாற்றிவிட்டால், அத்தான் நம்ப இனி என்ன மிச்சம்? டைமன் ரெண்டை மேசை நடுவில் நிமிர்த்திப் போட்டார்.

"என்கிட்ட இருந்திருக்கு. கள்ளவெட்டு," என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாக.

அத்தான் எழுந்தார்.

"யோவ் மாப்ள! உனக்கு அறிவிருக்கா? சீட்டைத் தொடுறதுக்கு முன்னாடி கையைக் கழுவணும்னு தெரியாதா? கோப்பை போச்சே!"

வேலை முடிந்ததும் டயர்க்காரர் பாய்ந்தோடி அக்கா வீட்டு வாசலில் நின்றுதான் மூச்சு வாங்கினார்.

"அக்கா! தோத்துட்டோம்!"

"தோத்ததுக்கா இந்தக் குதி குதிக்கிற?"

"அத்தான் என்னைத் திட்டிட்டாருக்கா! வாய் நிறைய!"

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார். பின்னாலேயே சைக்கிள் வந்து நின்றது.

"ஓடாதே மாப்ள," என்றார் அத்தான். "இன்னும் நான் திட்டி முடிக்கலை."