டப்பா மாப்பிள்ளையின் ஊசி

டப்பா மாப்பிள்ளை என்றால்தான் மனைவி வீட்டில் அவனைத் தெரியும். அவன் செய்த ஆராய்ச்சி அப்படி. டி.என்.ஏ. இழையை மடித்துக் கண்ணுக்கே தெரியாத டப்பா செய்ய வேண்டும். உள்ளே மருந்தை வைத்து மூட வேண்டும். உடம்புக்குள் போய், நோய்பிடித்த செல்லைக் கண்டதும் அது தானே திறக்க வேண்டும். சொல்வதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது! கல்யாணத்துக்கு முன்பு மடிக்க ஆரம்பித்தவன், மகள் பள்ளிக்கூடம் போன பிறகும் மடித்துக்கொண்டிருந்தான். குடும்பம் மனைவியின் சம்பளத்தில் ஓடியது. டாக்டர் பட்டம் வந்தால்தான் அவனுக்கு ஒரு வேலை.

"மாப்ளே, டப்பா திறந்துச்சா?" என்பார் மாமனார், பார்க்கும்போதெல்லாம்.

"இன்னும் மூடவே இல்ல மாமா."

ஒருநாள் அதிர்ஷ்டம் அடித்தது. அவர்கள் ஆய்வகத்து நுண்ணோக்கி, மாதிரி பூசிய தகட்டை மெல்லிய ஊசியால் தடவித் தடவியே படம் வரைகிற சாதி. அது வரைந்த படத்தில் வரிசை வரிசையாக டப்பாக்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே பக்கம் பார்த்தபடி, ஒவ்வொன்றிலும் அதே மூலையில் ஒரு பிளவு. "பிளவு இல்லடா, மூடி! திறக்குது பாரு!" என்று பேராசிரியர் அவனைக் கட்டிக்கொண்டார். படம் நிறுவன வாசலில் ஆளுயரத்துக்கு ஏறியது. மாமனார் ஒரு பிரதி வாங்கிச் சட்டம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டினார். வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் தப்பவில்லை.

பட்டத்துக்கு ஒரே ஒரு வேலை பாக்கி. டப்பாவே போடாத வெறும் தகட்டையும் படமெடுத்து, இதில் ஒன்றும் இல்லை என்று காட்ட வேண்டும். வெறும் உப்புத் தண்ணீர் விட்ட தகட்டை வைத்தான். படத்தில் டப்பாக்கள் வந்தன, மூடியோடு.

ஊசியைக் கழற்றி வேறொரு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தான். ஊசியின் முனை உடைந்திருந்தது. முனை உடைந்த ஊசி உப்பைத் தடவினாலும் தூசியைத் தடவினாலும் தன் மூஞ்சியைத்தான் வரையும். இத்தனை நாளும் ஊர் கூடிக் கைதட்டியது அந்த மூஞ்சிக்குத்தான். புது ஊசி மாட்டி டப்பாத் தகட்டைப் பார்த்தான். கசங்கிய நூல் குப்பை.

அவன் போய்ச் சொன்னதைப் பேராசிரியர் முழுதும் பொறுமையாகக் கேட்டார். கதவைச் சாத்தினார்.

"பழைய ஊசி பத்திரமா இருக்கா? நாளைக்குப் பார்வையாளர்கள் வர்றாங்க. அதையே மாட்டு."

"உடைச்சுக் குப்பையில போட்டுட்டேன் சார்."

"அப்போ உன் பட்டமும் அங்கதான் கிடக்கு. போய்ப் பொறுக்கிக்கோ."

மனைவி முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் வழியெல்லாம் அவன் கவலை. வீட்டில் மாமனாரும் உட்கார்ந்திருந்தார்.

"டப்பா திறந்துச்சா மாப்ளே?"

"டப்பாவே இல்ல மாமா. அது உடைஞ்ச ஊசி." நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தான்.

"ஊசியை நீங்களேதான் உடைச்சீங்களா?" என்றாள் மனைவி.

"ஆமா."

"சரி, கைகால் கழுவிட்டுச் சாப்பிட வாங்க. நாளைக்குச் சீக்கிரம் போகணும்ல, முதல்லேர்ந்து மடிக்க."

நிறுவன வாசலில் அந்தப் படம் இன்றும் ஆளுயரத்துக்கு நிற்கிறது. மாமனார் மட்டும் அன்றே தன் வீட்டுக்குப் போய், கூடத்துப் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். ஆணியைப் பிடுங்கவில்லை.