மூணு பேரும் சரின்னாங்க

1

தீவிலிருந்து புக்கிட் தெங்கா பேக்டரிகளுக்கு வேலைப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் ஆபீசில் பதினோரு வருஷம் ரேடியோ செட் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் நாலு வேனும் என் குரலுக்குத்தான் ஓடின. ஒரே லைன். நான் பேசினால் எல்லா டிரைவருக்கும் கேட்கும்.

தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கும் பாலம் திறந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். ஒருநாள் நாலாம் நம்பர் வேன் ஒர்க் ஷாப்பில். அதில் போகிற பிள்ளைகளை மற்ற மூன்றுக்கும் பிரித்துக் கொடுத்தேன். கிளுகோரில் ஏறும் சாந்தி மட்டும் பாக்கி. அந்தப் பிள்ளை பேக்டரிக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை லேட். "இன்னொரு தரம் லேட்டுன்னா வேலை கார்டைப் புடுங்கிருவாங்கக்கா" என்று முதல்நாள்தான் சொல்லியிருந்தது.

மூணு மணி ஷிப்ட். ரேடியோவை எடுத்தேன். "கிளுகோர்ல சாந்தி நிக்குது. யாராச்சும் ஏத்திக்குங்க."

"சரிக்கா." "ஓகே லா." "ஆகட்டும்க்கா."

மூணு குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. வேலை முடிந்ததென்று போர்டில் அது பேர்மேல் கோடு போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

ரெண்டேகாலுக்கு போன் அடித்தது. சாந்தி, கடையிலிருந்து. "அக்கா, மூணு வேனும் என்னைத் தாண்டிப் போயிருச்சு. கை காட்டுனா, பின்னால வருதுன்னு காட்டிட்டுப் போறாங்க. கடைசி வேனும் பின்னாலதான் காட்டுச்சு. பின்னால வெறும் ரோடுதான்க்கா இருக்கு."

ரேடியோவில் முதலில் டிரைவர் மணியத்தைக் கூப்பிட்டேன்.

"என் வேன்ல இடமே இல்லக்கா. ஹமீது ஏத்துவான்னு நெனச்சேன்."

"அப்ப எதுக்குய்யா சரின்னே?"

"எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்."

ஹமீதைக் கேட்டால் சேகரைக் கை காட்டினான். சேகர், "எனக்கு முன்னாடியே ரெண்டு பேரு சரின்னாங்களே. அவங்க ஏத்தாம விட்டா, இன்னொரு வேன் அனுப்பியிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

2

டாக்சி பிடித்து நானே கிளுகோர் போய் சாந்தியை ஏற்றினேன். பாலத்தில் ஜாம். அது நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தது. நான் வாட்சைப் பார்ப்பதை விடவில்லை. போய்ச் சேர்ந்தபோது மூணு இருபத்தஞ்சு.

தப்பு எங்கள் ஆபீஸ் மேல் என்று சூப்பர்வைசர் அம்மாவிடம் மலாயில் சொன்னேன். அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எந்த டிரைவர் ஏற்றியிருக்கணும்?"

நான் யாரையுமே அனுப்பவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கார்டை வாங்கிக்கொண்டார்கள்; சாந்திக்கு வேலை போயிற்று.

3

மறுநாள் டிரைவர்களை நிற்கவைத்துச் சொன்னேன். "இனிமே 'யாராச்சும்'ங்கிற பேச்சு என் வாயில வராது. பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அந்த ஆளு மட்டும் பேசணும். எந்த இடம், எத்தனை மணி, யாரை ஏத்தணும்னு திருப்பிச் சொல்லணும். முடியாதுன்னா அப்பவே முடியாதுன்னு சொல்லு, நான் கோவிக்க மாட்டேன். சண்டை போடணும்னா ஆபீசுக்கு வா, லைன்ல வேணாம். ஏத்திட்டேன்னு நீ சொன்னப்புறம்தான் போர்டுல கோடு."

"என்னக்கா, இது பட்டாளமா?" என்றான் சேகர்.

"பட்டாளமா இருந்தா உன்னை வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பாங்க."

முதல் வாரம் முணுமுணுத்தார்கள். அப்புறம் பழகிவிட்டது.

ரெண்டு மாசம் கழித்து சாந்தி ஆபீசுக்கு வந்தது. புக்கிட் தெங்காவிலேயே வேறு பேக்டரியில் வேலை கிடைத்திருக்கிறதாம். வேனில் பேர் பதிய வந்தேன் என்றது. பதிந்துகொள்கிறேன், போய்ட்டு வா என்றேன். அது நாற்காலியை விட்டு எழவில்லை.

"எந்த வேன்க்கா? யாரு டிரைவரு? அவரு வாயால சொல்லட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கேட்டது நியாயம். ரேடியோவை எடுத்து மணியத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"கிளுகோர், ஒன்றரை மணி, சாந்தி. நான் ஏத்திக்கிறேன்க்கா."

மற்ற டிரைவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. சாந்தி அதையும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போனது.

எதிரில் இல்லாத ஆட்களிடம் வேலை வாங்குகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மூணு பேர் சரி என்றால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு ஆள் தன் பேரில் ஏற்றுக்கொள்ளும் வரை அந்த வேலை ரோட்டிலேதான் நிற்கிறது.