கெட்டிமேளம் கொட்டிய பிரெஞ்சுக்காரர்

நாடு விட்டு வந்து நாங்கள் குடியேறிய வெரிபீயில், எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். பிள்ளைகளின் பிறந்தநாள் விழாக்களில் சிவப்பு மூக்கு மாட்டி, தொளதொளத்த காற்சட்டையோடு அக்கோடியன் வாசித்துச் சிரிக்க வைப்பதுதான் தொழில். வாசிப்பு சுத்தக் கலப்படம். பாரிஸ் வால்ட்ஸ் என்று தொடங்கும். நடுவில் அரபுப் பாட்டுப்போல நெளியும். முடியும்போது, சத்தியமாக, நாதஸ்வரம். விசாரித்தேன். பாரிஸில் அவருடைய அறைக்குக் கீழே அல்ஜீரியர் ஒருவரின் தேநீர்க்கடையாம். எதிரே எங்கள் ஆட்களின் கலியாண மண்டபமாம். சனி ஞாயிறுகளில் நித்திரை கொள்ள முடியாமல் ஜன்னலால் கலியாணம் பார்ப்பாராம். "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

விவாகரத்தாகிச் சில வருடங்களில் எனக்கு இரண்டாம் கலியாணம் பொருந்தியது. வீட்டிலேயே தாலி கட்டுவதாக ஏற்பாடு. மேளத்துக்கு நான் ஆள் தேடியது அப்பாவின் தங்கை, என் மாமிக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டாந்தரத்துக்கு மேளம் என்னத்துக்குப் பிள்ளை? சனம் சிரிக்கும்."

முதல் கலியாணத்தில் மேளம் ஊரையே எழுப்பியது. அந்த மனுசனோடு நான் வாழ்ந்த சீர் வேறு கதை. என்றாலும் எனக்கு மேளம் வேண்டும்போல இருந்தது. ஒளித்து மறைத்துத் தாலி கட்ட நான் என்ன களவா எடுத்தேன்? இதையெல்லாம் மனதுக்குள்தான் கேட்டேன். மேளத்தை விட்டுவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டப் பிரெஞ்சுக்காரரைக் கூப்பிட்டிருந்தேன். மனுசன் நேரத்தோடு வந்து, மூக்கும் காற்சட்டையுமாகக் குசினி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தாலியை எடுத்துக் கொடுத்த ஐயர் பழக்கதோஷத்தில் விரலை உயர்த்தி ஆட்டினார். "கெட்டிமேளம்!"

மேளமில்லை. மாமி தொண்டையைச் செருமினார்.

"முதல் தாலிக்கு அடிச்ச மேளமே..."

அக்கோடியன் வெடித்தது. ஐயோ, அது என்ன முழக்கம்! வலக்கையில் நாதஸ்வரம், இடக்கையில் தவில், இடையிடையே அல்ஜீரியா. மாமியின் வாய் திறந்து திறந்து மூடியது. ஐயர் திகைப்பில் விரலை இறக்க மறந்துவிட்டார். விரல் இறங்காமல் இவரும் விடுவதாக இல்லை. மூன்று முடிச்சும் விழுந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் மூக்கு ஒழுக அழுதேன்.

சாப்பிடும்போது மாமி என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். முழுவதையும் சொல்லி முடித்து என் முகத்தைப் பார்த்தார். பிரெஞ்சுக்காரர் அக்கோடியனை இறக்கிவைத்துவிட்டு வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமி சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கேக்கேல்லை மாமி," என்றேன்.