கறுப்பிக்கு நாற்பது குடம்

என் மனைவியைக் கொன்றது காலரா என்று முனிசிபாலிட்டி எழுதிக்கொண்டது. கொன்றது நீங்கள்தான், முதலாளி. அன்று இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்கள் சம்பளத்தில் இருந்தேன். இப்போது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போகும் ரோட்டில் முதலாளியின் பங்களா இருந்தது. அவருக்கு நூல் மொத்த வியாபாரம். யுத்தத்துக்கு இரண்டு வருஷம் முன்பு கறுப்பு மோட்டார் ஒன்று வாங்கினார். அதைக் கழுவித் துடைக்க என்னை வைத்தார். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்ததும் டிரைவரை நிறுத்திவிட்டார். மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ அவரே ஓட்டுவார். மற்ற நாளெல்லாம் வண்டி நின்றது. ஆனால் கழுவுவது நிற்கவில்லை. தினமும் கழுவ வேண்டும். கழுவி முடித்துக் கொட்டகையிலிருந்து வாசலுக்குத் தள்ளிவந்து, ரோட்டைப் பார்க்க நிறுத்தி, கேட்டைத் திறந்து வைக்க வேண்டும். வண்டியிலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தால்தான் இப்போது எங்கேயோ புறப்படப்போகிறது என்று பார்க்கிறவன் நினைப்பான். தூசி படிந்து நின்றால் இவருக்குப் பெட்ரோல் இல்லை என்று கடைவீதியில் பேசுவார்கள். அதற்காக நாற்பது குடம் தண்ணீர்.

நாற்பது குடம் என்று நான் கூட்டிச் சொல்லவில்லை. தோட்டக்காரர் கிணற்றில் இறைத்துக் கல்தொட்டியில் ஊற்றுவார். அந்தத் தொட்டி நாற்பது குடம் பிடிக்கும். அதிலிருந்துதான் நான் வாளியில் மொண்டு எடுப்பேன். கிணற்றுக் கயிற்றை நான் தொடக்கூடாது. ஏன் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வண்டியைத் தொடலாம். முதலாளி உட்காரும் தோல் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்க்கலாம். கயிற்றைத்தான் தொடக்கூடாது.

வேலை இப்படி. வெயில் ஏறும் முன் வண்டியை முழுக்க நனைக்க வேண்டும். நனைக்காமல் துணி போட்டால் தூசியே பெயிண்டைக் கீறிவிடும். பிறகு கூரையிலிருந்து கீழே இறங்கி வர வேண்டும். சோப்பைச் சீவிக் கரைத்த தண்ணீர், மெத்தென்ற துணி. சக்கரக் கம்பிகளுக்கு நடுவே நாடாத் துணியை விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்க வேண்டும். கம்பிக்குக் கம்பி அப்படி. மட்கார்டின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார் முதலாளி. கடைசியில் தோல்துணி. ஆட்டுத் தோலைப் பதம் செய்து மெலிதாக்கியது, சீமைச் சரக்கு. ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே குடித்து வைத்துக்கொள்ளும். அதைப் பிழிந்து பிழிந்து துடைத்தால் வண்டியில் ஒரு சொட்டு அடையாளம் நிற்காது.

அந்த வருஷம் மழை இல்லை. தெப்பக்குளத்தில் ஆடு மேய்ந்தது. பங்களாவின் பின்சுவரை ஒட்டிய சந்தில் எங்கள் வீடுகள், பதினாறு குடிசை. சந்து முனையில் இருந்த குழாய் மாசியிலேயே நின்றுபோனது. பெண்கள் ஆற்றுக்குப் போய் ஊற்று தோண்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். போய்வர ஒரு பொழுது ஆகும்.

என் மனைவி வாய்க்காரி. குழாய் நின்ற முதல் நாள் நான் வேலை முடிந்து ஈர வேட்டியோடு வந்தபோது ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தக் கறுப்பிக்கு எம்புட்டு ஊத்துனீக?"

"நாப்பது."

"எனக்கு அரைக் குடம். எந்திரிச்சு நடக்காதவளுக்கு நாப்பது. நானும் ஒரு நாள் அந்தக் கொட்டகையில போயி நிக்கிறேன், என்னையும் கழுவி விடுங்க."

"நிக்கலாம். மொதலாளி விரலை விட்டுப் பாப்பாரு, அழுக்கு இருக்கான்னு."

"பாத்தா விரலு அவருகிட்ட இருக்காது" என்றாள்.

கழுவிய தண்ணீர் கொட்டகைத் தரையின் சரிவில் ஓடி, பின்சுவரில் ஒரு சாண் அகல ஓட்டை வழியாக எங்கள் சந்தில் விழும். அவள்தான் முதலில் அங்கே சட்டியை வைத்தாள், பாத்திரம் விளக்க. மறுநாள் ஐந்து சட்டிகள் இருந்தன. அதைப் பார்த்த பிறகு நான் கழுவும் முறையை மாற்றினேன்.

கூரையிலிருந்து தொடங்குவதை விட்டேன். சக்கரம், மட்கார்டு, அடிப்பக்கம் என்று அழுக்கு முழுவதையும் முதலில் முடித்தேன். பிறகு சோப்பு. பிறகு அலசல். பிறகு தரையைத் துடைப்பத்தால் தள்ளிச் சுத்தமாக்கினேன். இதையெல்லாம் இருபத்தைந்து குடத்தில் முடிக்கக் கற்றுக்கொண்டேன். மீதிப் பதினைந்து குடத்தை, ஏற்கெனவே பளபளவென்று இருக்கும் கூரை மேல் மெதுவாக ஊற்றினேன். தூரத்திலிருந்து பார்த்தால் வண்டி கழுவுகிற மாதிரியே இருக்கும். உண்மையில் அது கிணற்றுத் தண்ணீரை வண்டி மேல் விட்டுச் சுவருக்கு வெளியே அனுப்புவதுதான். நல்ல தண்ணீர் வரப்போகிறது என்பதற்கு மட்கார்டில் இரண்டு தட்டுத் தட்டுவேன். வெளியே சட்டியை எடுத்துவிட்டுப் பானையை வைப்பார்கள். துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடித்தார்கள். லேசாக மெழுகு வாடை அடிக்கும் என்று சொன்னார்கள். குடித்தார்கள்.

தோட்டக்காரருக்குத் தெரியும். ஒரு நாள் மட்டும் கேட்டார்.

"என்னப்பா, கூரைக்கு இம்புட்டு அழுக்கா?"

"காக்கா இருக்கு அண்ணே."

"ஆமாமா, பெரிய காக்கா" என்று சொல்லிவிட்டு அன்று தொட்டியை விளிம்பு வரை நிரப்பினார். அவர் நல்ல மனிதர்.

ஒரு மாதத்துக்கும் மேல் இது நடந்தது. அந்த ஒரு மாதம் எங்கள் சந்தில் யாரும் ஊற்றுக்குப் போகவில்லை. இதைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

பிறகு ஒரு காலையில் சப்ளை ஆபீசர் ஒருவர் பங்களாவுக்கு வந்தார். சந்து வழியாக வந்திருக்கிறார். முதலாளியோடு வராந்தாவில் காப்பி குடித்தபடி சொன்னார்: "என்னய்யா, ரேஷன் கடையிலதான் கியூ பாத்திருக்கேன். உம்ம வீட்டுச் சாக்கடைக்கும் கியூ நிக்குதே." முதலாளி சிரித்தார். நான் தோல்துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு சரியில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

ஆபீசர் போனதும் முதலாளி கொட்டகைக்கு வந்தார். திட்டவில்லை. குரலை உயர்த்தக்கூட இல்லை.

"எத்தனை நாளா நடக்குது?"

நான் தோல்துணியை உதறிக் கொடியில் போட்டேன்.

"வருஷா வருஷம் சித்திரைல தண்ணிப் பந்தல் போடுறவன் நான். என் வீட்டுச் சாக்கடையை ஊரு குடிக்குதுன்னு பேரானா எனக்கு எப்படி இருக்கும்?"

"சாக்கடை இல்லைங்க மொதலாளி, நல்ல தண்ணிதான் விடுறேன்" என்றேன். பிறகு, கேட்கக்கூடாததையும் கேட்டேன். "கேட்டுல வச்சு ஒரு பத்துக் குடம் குடுத்துட்டா அவுக சுவத்துப் பக்கம் வர மாட்டாக."

"இன்னிக்குப் பத்துன்னா நாளைக்கு ஊரே நிக்கும். பந்தல் போடத்தானே போறோம்? அப்ப வந்து வயிறு முட்டக் குடிக்கட்டும்."

பந்தலுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

அது சிமென்ட்டுக்குப் பெர்மிட் கேட்ட காலம். இடிந்த வீட்டைக் கட்ட ஒரு மூட்டை கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தார்கள். இந்த ஓட்டைக்கு மட்டும் அன்று சாயங்காலமே ஒரு சட்டி சிமென்ட் வந்தது. குழைத்தது நான். அடைத்ததும் நான். இதை மறைக்கப்போவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என் மனைவி நின்றிருந்தாள். கடைசி விரல் அகலத்தைப் பூசும்போது அவள் குரல் கேட்டது.

"நல்லா அழுத்திப் பூசுங்க. காத்து வந்துறப் போகுது."

அது கேலிதான். ஆனால் அன்று வீட்டுக்குப் போனபோது அவள் கேலி பேசவில்லை.

மறுநாளிலிருந்து தண்ணீரைத் தோட்டத்து வாழையடியில் வெட்டிய குழியில் விட்டோம். அந்தப் பதினைந்து குடமும் வாழைக்குப் போயிற்று. பெண்கள் ஆற்றுக்குப் போனார்கள். அதற்குள் ஊற்று ஆள் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. திருவிழாவுக்கு வந்தவர்கள் மணலில் தங்க ஆரம்பித்திருந்தார்கள். சமைப்பது, படுப்பது, வெளிக்குப் போவது எல்லாம் அந்த மணலில்தான். ஊற்றும் அந்த மணலில்தான்.

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள் பந்தல் திறப்பு. அன்று விடியும்போது என் மனைவிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. வாந்தியும் கூட. எங்கள் சந்தில் அது மூன்றாவது வீடு. வீட்டில் இருந்தது அதே ஊற்றுத் தண்ணீர், அதுவும் அரைப் பானை. பக்கத்து வீட்டு அக்காவை உட்கார வைத்துவிட்டு நான் வேலைக்குப் போனேன். ஏன் போனாய் என்று என்னை நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் இருந்தது அங்கேதான்.

பந்தலுக்குப் போகும் வண்டி என்பதால் அன்று முதலாளி பக்கத்திலேயே நின்றார். ரேடியேட்டர் முகப்பில் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன். மெழுகு போட்டேன். மாலை கட்டினேன். நாற்பது குடமும் போயிற்று. வீட்டில் காலரா என்று சொன்னால் என்னைக் கேட்டுக்குள் விடமாட்டார்கள், அதனால் சொல்லவில்லை. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் தோல்துணியைத் தொட்டியின் அடியில் கிடந்த தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்ட இடுப்பில் கட்டி, மேலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து செம்பில் பிழிந்தேன். முக்கால் செம்பு வந்தது. கலங்கல் இல்லை.

அவள் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண் உள்ளே போயிருந்தது.

"கறுப்பி இன்னிக்கு எம்புட்டுக் குடிச்சா?"

"நாப்பது."

"கொடுத்து வச்சவ" என்றாள். பிறகு தண்ணீர் என்று கேட்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

குடத்தை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு ஓடினேன். ஆற்றங்கரையில் தென்னங்கீற்றுப் பந்தல், வாழைமரம், வரிசையாகப் பித்தளை அண்டா. நீர்மோர், பானகம், குளிர்ந்த தண்ணீர். பந்தலுக்குப் பக்கத்தில், நான் காலையில் துடைத்த வண்டி. முதலாளி நெற்றியில் சந்தனத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வரிசையில் இருநூறு பேராவது இருப்பார்கள். நான் வரிசையில் நிற்கவில்லை. நேராக அவர் முன்னால் போய்க் குடத்தை வைத்தேன்.

"மொதலாளி, வீட்ல சீக்கு. குடிக்கத் தண்ணி இல்ல. ஒரு குடம் குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். பிறகு வரிசைக்குக் கேட்கும்படி சொன்னார்:

"குடத்துக்கு ஊத்துனா வெயில்ல நிக்கிற சனத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? இங்க எல்லாருக்கும் ஒரே நியாயம். ஒரு செம்பு வாங்கிக் குடிச்சிட்டுப் போ."

வரிசையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். "நியாயந்தானேப்பா" என்றார் ஒரு பெரியவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. காலையில் நாற்பது குடம் எங்கே போனது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நானும் வாயைத் திறந்து சொல்லவில்லை. வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

அழகர் ஆற்றில் இறங்கிய காலையில் அவள் செத்தாள். ஊரே ஆற்றில் இருந்ததால் தூக்க நாலு பேர் கிடைக்கவில்லை. தோட்டக்காரர் வந்து ஒரு பக்கம் பிடித்தார். கயிற்றைத் தொடவிடாத வீட்டிலிருந்து அவர் ஒருவர்தான் வந்தார்.

ஒரு குடம் தண்ணீர் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. ஓட்டை திறந்திருந்தால் ஊற்றுக்குப் போயிருக்க மாட்டாள். அது தெரியும். ஓட்டை திறந்திருந்த நாளெல்லாம் எங்கள் சந்தில் ஒருவருக்கும் காலரா இல்லை. அடைத்த பதினெட்டு நாளில் மூன்று வீடு. அதுவும் தெரியும்.

அதற்குப் பிறகும் எட்டு மாதம் அந்த வண்டியைக் கழுவினேன். வேறு வேலை கிடைக்கவில்லை. தினமும் அந்தச் சிமென்ட் திட்டைப் பார்த்துக்கொண்டே கழுவினேன். சுவரெல்லாம் பழுப்பு, அது மட்டும் வெள்ளை. பிறகு ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் சேர்ந்தேன்.

இப்போது சித்திரைக்குச் சித்திரை உங்கள் பந்தலில் ஒலிபெருக்கி வைத்து, தாகம் தீர்த்த தர்மவான் என்று கத்துகிறார்கள். வண்டி புதிது. கறுப்புத்தான். சுவரில் அந்தத் திட்டு இன்னும் இருக்கிறது. போன வாரம் போய்ப் பார்த்தேன்.

வருகிற சித்திரையில் நான் அங்கே வருவேன், அதே குடத்தோடு. அன்று நீங்கள் என்னிடம் பேசவில்லை, வரிசையைப் பார்த்துத்தான் பேசினீர்கள். இந்த முறையும் வரிசையைப் பார்த்தே பேசுங்கள். ஆள் அனுப்பி என்னைத் தனியாகக் கூப்பிட வேண்டாம். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, எழுந்து நின்று, ஓடாத வண்டிக்கு நாற்பது குடம் ஊற்றச் சொன்னது நீங்கள்தானா, வாழைக்குப் போன தண்ணீர் எங்கள் சந்துக்குப் போகக்கூடாது என்று அடைக்கச் சொன்னது நீங்கள்தானா, எதற்காக என்று அந்த ஜனங்களுக்குச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவர்கள் தலையாட்டட்டும், பார்க்கிறேன்.