தசராவுக்கு முன் பிடிக்கும் ஆட்கள்

1937 செப்டம்பர் கடைசியில், தசராவுக்கு ஒன்பது நாள் இருக்கையில், மைசூர்க் காவல் நிலையம் ஒன்றின் ரைட்டர் நஞ்சுண்டசாமி நாற்பது பெயர்கள் கொண்ட பட்டியலைப் பிரதி எடுக்க உட்கார்ந்தார். முன்பு ஒரு தடவையாவது திருட்டுக்காகப் பிடிபட்டவர்களை விழா முடியும் வரை லாக்கப்பில் வைப்பது வழக்கம்.

அவர் கொள்ளேகால்காரர்; எதையும் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாதவர். நாற்பது பேரும் ரயிலடிக்குப் பின்னால் இருந்த மூன்றே சந்துகளைச் சேர்ந்தவர்கள். போன வருடப் புகார்ப் புத்தகத்தைப் புரட்டினார். இவர்கள் உள்ளே இருந்த பத்து நாளில் பொருட்காட்சித் திடலில் முப்பத்தொரு ஜேப்படி. அப்படியானால் அடித்தது யார்? இன்னொன்றும் உறுத்தியது. ஆறு போலீஸ்காரர்கள் சுற்றும் பங்களாத் தெருவிலிருந்து இருபத்திரண்டு புகார். அந்த மூன்று சந்துகளிலிருந்து வருடம் முழுக்க ஒன்றுகூட இல்லை.

மறுநாள் மத்தியானம், பட்டியலில் இருந்த கருப்புசாமியின் மனைவி பழனாத்தாள் வந்து நின்றாள்.

“எங்கூட்டுக்காரரை இந்தத் தடவை புடிக்காதீங்க, ரைட்டரய்யா. இப்பத்தான் மில்லுல சேத்திருக்கறாங்க. பத்து நாள் போகலீன்னா பேரை அடிச்சுப்போடுவாங்க.”

“அது இருக்கட்டும். உங்க சந்துல களவே போறதில்லீங்களா?”

“போகாம என்னுங்க? போன மாசம் ரெண்டு செப்புக்கொடம் போச்சு. சொல்ல வந்தா எங்களையத்தானுங்க புடிச்சு உக்கார வெப்பீங்க.”

ஏட்டு தொட்டையன் சிரித்தார். “கொடம் இருந்துச்சா முதல்ல?”

“உங்க பெல்ட்டுக் காணாமப் போனாத்தான் ஏட்டய்யா நம்புவீங்களாட்ட இருக்குது.”

நஞ்சுண்டசாமி புத்தகத்தோடு இன்ஸ்பெக்டரிடம் போனார். அவர் அந்த முப்பத்தொன்றை இரண்டு தரம் பார்த்தார்.

“நாற்பது பேரை உள்ள வெச்சே முப்பத்தொண்ணுன்னா, வெக்காம இருந்தா எத்தனை ஆகியிருக்கும்?”

“யாரும் விட்டுப் பார்த்ததில்லீங்களே. மில்லுல சேர்ந்திருக்கற கருப்புசாமி ஒருத்தனை விட்டுப் பார்க்கலாமுங்களா?”

இன்ஸ்பெக்டருக்கும் அது தெரிந்தால் தேவலை என்று தோன்றியிருக்க வேண்டும். கருப்புசாமியின் பெயரைத் தானே அடித்தார்.

தசராவுக்கு முதல் நாள் லாக்கப்பில் ஆள் எண்ணிய நஞ்சுண்டசாமிக்குக் கணக்கு நாற்பதாகவே வந்தது. ஓரத்தில் ஒரு புது முகம்.

“கருப்புசாமி தம்பிங்க, மாரிசாமி,” என்றார் தொட்டையன். “மேல நாற்பதுன்னு எழுதிப் போயாச்சு. குறைஞ்சா நான்தானே பதில் சொல்லணும்? ஊட்டுல இவன்தான் இருந்தான்.”

“இவன் என்ன பண்ணினான்?”

“இதுவரைக்கும் ஒண்ணுமில்லீங்க.”

பத்து நாளும் கருப்புசாமி மில்லுக்குப் போனான். விஜயதசமிக்கு மறுநாள் மாரிசாமியை விட்டார்கள். ஒருமுறை பிடிபட்டவன் என்ற கணக்கில் அடுத்த தசராப் பட்டியலில் அவன் பெயர் ஏறியது.