பெரியப்பா இல்லாமல் வந்த ஊர்வலம்

மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் சுற்றி நின்று ஒருவரை நல்லவர் என்று சொன்னால், அன்று சாயங்காலமே அவரைக் கொண்டுபோய்க் கொளுத்திவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். சிரிக்க வேண்டாம். ஏழு வயதில் என் கையில் இருந்த ஆதாரங்களை வைத்துப் பார்த்தால் நீங்களும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பீர்கள்.

இது இப்போது ஞாபகம் வரக் காரணம், இந்தத் தை மாதம் எனக்கு விழா மாதமாகவே போனதுதான். ஊரப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துப் பொங்கல் விழாவில் மைக் பிடித்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு உறியடிக்க வந்த டாக்டர் ஒருவர் பானையை விட்டுவிட்டுச் சங்கச் செயலாளரின் தோளில் போட்டார்; செயலாளர் வலியை மறைத்துக்கொண்டு அவருக்கே பரிசும் கொடுத்தார். கேளம்பாக்கத்தில் நண்பன் மகளின் அரங்கேற்றம். அந்தப் பெண் ஆடியது ஒரு பக்கம் இருக்க, முன் வரிசையில் அவள் அப்பனின் உதடு ஒவ்வொரு ஜதிக்கும் அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்ப்பதற்கே இன்னொரு தடவை போகலாம். கடைசியாக, தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் அத்தை மகனுக்குப் பணி நிறைவுப் பாராட்டு விழா. எல்லா இடத்திலும் வயிறாரச் சாப்பிட்டேன், கை சிவக்கத் தட்டினேன், யார் புண்ணியமோ எனக்கும் ஒரு பொன்னாடை விழுந்தது. உயிரோடு இருக்கும்போதே ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து நாலு நல்ல வார்த்தை சொல்லுகிற இந்த மனிதர்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு போட வேண்டும் என்று தோன்றியது. அந்த நல்ல பழக்கத்தின் மீது ஒரு காலத்தில் நான் போர் தொடுத்திருக்கிறேன்.

அப்போது கிழக்குத் தாம்பரத்தில் ஒரே வீட்டில்தான் பெரியப்பா குடும்பமும் நாங்களும் இருந்தோம். பெரியப்பா ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. அதனால் எங்கள் அம்மா என்னைப் பெற்ற வேலையோடு நிறுத்திக்கொண்டு, வளர்க்கிற வேலையை அவர்களிடம் விட்டுவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். வேலைவிட்டு வந்ததும் பெரியப்பா கொல்லையில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் விட்டுக் கையில் இருக்கும் கிரீஸைக் கழுவுவார். சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது என் உத்தியோகம். அவர் அதிகம் பேச மாட்டார். அவரைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள், அதுவும் நல்லதாக இருக்காது. குறட்டை விடுகிறார் என்று பெரியம்மா, பிடிவாதக்காரர் என்று அப்பா, சாம்பார் கிண்ணத்தையே கவிழ்த்துக்கொள்கிறார் என்று அம்மா. ஒருவர் வாயிலிருந்தும் அவரைப் பாராட்டி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. உயிரோடு இருக்கிறவர்களை அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நினைப்பை உறுதிப்படுத்தியவர் எதிர்வீட்டு மேஸ்திரி. பந்து அவர் வீட்டுக்குள் விழுந்தால் அரிவாள்மனையில் வைத்து இரண்டாக்கித் திருப்பிக் கொடுக்கிறவர். அவர் ஒரு நாள் செத்துப்போனார். உடனே தெருவில் சாமியானா போட்டார்கள். இரும்பு நாற்காலிகள் வந்து இறங்கின. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, ஆளாளுக்கு மாலை போட்டார்கள், புதுத்துணி போர்த்தினார்கள். “அவரு மாதிரி ஒரு மனுசன் இனிமே பொறந்து வரணும்” என்றார் பந்தைப் பறிகொடுத்த பையனின் அப்பாவே. சாயங்காலம் பூ அலங்காரம் செய்த வண்டியில் ஏற்றி, மேளம் அடித்து, வெடி வெடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் கண்ணாடிச் சட்டம் போட்ட படமாகத்தான் அவர் வீட்டில் இருந்தார்.

சில வாரங்கள் கழித்து எங்கள் வீட்டு வாசலில் அதே சாமியானா வந்து இறங்கியது. ஓரத்தில் கிழிந்து நீலத்துணியில் ஒட்டுப் போட்டிருந்ததால் நான் அடையாளம் கண்டுகொண்டேன். அதே இரும்பு நாற்காலிகள். உள்ளே போனால் பெரியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். என் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு என்ன விசேஷம் என்று கேட்டேன்.

“பெரியப்பா ரிடையர் ஆவுறாருடா.”

“அப்டின்னா?”

“இனிமே எங்கயும் போவ மாட்டாரு. அவ்ளோதான், முடிஞ்சிது” என்று சொல்லிவிட்டு ரிப்பன் கட்டப் போய்விட்டாள்.

மேஸ்திரிக்கும் அப்படித்தான் முடிந்தது. ஆனாலும் கடைசிவரை நம்பிக்கையை விடாமல்தான், தலை வாரி, பவுடர் பூசி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விழாவுக்குப் போனேன்.

விழா, ரயில் பாதைக்கு மேற்கே ஒரு மண்டபத்தில். மேடையில் ராஜா நாற்காலி மாதிரி ஒன்று, அதில் பெரியப்பா. மாலைக்கு மேல் மாலை விழுந்ததில் முகத்தில் பாதி மறைந்துவிட்டது. பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு மைக்கில் ஒவ்வொருவராக வந்து, அவர் இல்லாத ஷெட்டை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை என்றார்கள். எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தார் என்றார்கள். குறட்டையைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. கடைசியில் தொழிற்சங்கச் செயலாளர் ஒரு பெரிய பொட்டலத்தைப் பிரித்து நினைவுப் பரிசை உயர்த்திக் காட்டினார். பெரியப்பாவின் படம், அதே மாதிரி கண்ணாடிச் சட்டம் போட்டது.

எனக்கு இனிச் சந்தேகம் இருக்க நியாயமில்லை. பெரியப்பாவைப் பார்த்தேன். கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தார். பாவம், அவருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

வெளியே வந்தால் பூ வளைவு கட்டிய திறந்த மினி லாரி, அதன் நடுவில் ஒரு நாற்காலி. மேளக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். ஷெட் ஆட்கள் முன்னால் ஆடப் போய்விட்டார்கள். பெரியப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, காலடியில் அந்தப் படத்தையும் சாய்த்து வைத்தார்கள். முதல் சரவெடி வெடித்ததும் நான் அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடி, டயரில் கால் வைத்து லாரியில் ஏறினேன். இன்று நாற்காலியில் ஏறி பல்ப் மாற்றச் சொன்னால் யோசிக்கிற ஆள் நான். பெரியப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, மேளத்தை மீறி ஊளையிட்டேன்.

“எறங்கு பெரியப்பா! எறங்கிடு!”

“இன்னாடா ஆச்சு? எதுக்கு இப்டி அழுவுற?”

“மேஸ்திரிய இப்டித்தான் இட்டுகினு போனாங்க. கொளுத்திட்டாங்க. எறங்கு!”

பெரியப்பா என்னைப் பார்த்தார். பூ வளைவைப் பார்த்தார், மேளக்காரர்களைப் பார்த்தார், தன் படத்தையும் பார்த்தார். பிறகு மாலைகளைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு, என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

செயலாளர் ஓடிவந்தார். “அண்ணே, இன்னாண்ணே இது? மேளம் கீது, வெடி கீது, தெருவே காத்துகினு கீது, நீ பாட்டுக்கு எறங்கினா எப்டி?”

“கொழந்த பயந்துகினு கீதுப்பா. நீங்க முன்னால போங்க. நான் இட்டுகினு வரேன்.”

“படம்?”

“அத எடுத்துகினு போ.”

முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. மேளம் நகர்ந்தது, அதன் பின்னால் லாரியும் நகர்ந்தது. படம் விழுந்து உடையக் கூடாதே என்று யாரோ ஒரு புத்திசாலி அதை எடுத்து நாற்காலியில் உட்கார வைத்தான். முதுகில் தொங்கிய மாலைகளும் அதன் மேலேயே சரிந்தன.

பெரியப்பா என்னைக் கீழே இறக்கிவிட, நாங்கள் ஸ்டேஷன் நடைமேம்பாலம் வழியாகத் தப்பித்தோம். பொறுப்பு முழுக்க என்னுடையது. யாராவது துரத்துகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். “குனிஞ்சி நட பெரியப்பா, தெரிஞ்சிடும்” என்றேன். ஆறடி மனுஷன், புதுப் பட்டு வேட்டியோடு, தாம்பரம் பாலத்தில் அத்தனை ஜனத்துக்கு நடுவே குனிந்து நடந்தார். பாலத்தின் நடுவில் நின்று கீழே போகிற ரயிலைப் பார்க்கத் தொடங்கினார். நிற்காதே என்று வேட்டியைப் பிடித்து இழுத்தேன். புதுத் துண்டில் மூக்கைச் சிந்தினார், நிறைய நேரம் சிந்தினார். உயிர் பிழைத்த நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். இந்தப் பக்கம் இறங்கியதும் எனக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு அவசரத்திலும் நான் அதைச் சாப்பிட்டேன்.

அதற்குள் எங்கள் தெருவில் நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரியும். பெரியம்மா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றிருக்கிறாள். மேளம் கேட்கிறது, வெடி கேட்கிறது, பூ வளைவு தெருமுனையில் திரும்புகிறது. உள்ளே நாற்காலியில், மாலை போட்ட படம். ஆளைக் காணோம். ஆரத்தித் தட்டு விழுந்து வாசல் முழுக்கச் சிவப்புத் தண்ணீர். எதிர்வீட்டு மேஸ்திரியின் மனைவி, சமீபத்திய அனுபவம் உள்ளவள், எட்டிப் பார்த்த வேகத்தில் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்கள். லாரியில் இருந்து குதித்த செயலாளர், “எக்கா, ஒண்ணும் இல்லக்கா, வந்துகினு கீறாரு” என்று தொண்டை கிழியக் கத்தியும், மேளக்காரர்கள் அவர் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து இன்னும் ஓங்கி அடித்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில்தான் பின்பக்கச் சந்து வழியாக நாங்கள் பஜ்ஜிப் பொட்டலத்தோடு நுழைந்தோம். ஒரு பெண்மணி வீலென்று கத்தினாள். பெரியம்மா ஓடிவந்து பெரியப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“எங்கய்யா போன? என் உசுரே போயிடுச்சி!”

“என்ன இன்னா கேக்குற? இவனக் கேளு. இவன்தான் என் உசுரக் காப்பாத்தி இட்டுகினு வந்தான்.”

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அழுது முடித்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்பா மட்டும் முதுகில் ஒன்று வைக்கக் கையை ஓங்கினார், பெரியப்பா குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும், வந்தவர்களிடம் பெரியப்பா என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்துவார். “என் உசுரக் காப்பாத்தினவன்.” அந்த ஒரு வரியை வைத்துப் பந்தியில் எத்தனையோ வடை அதிகமாகச் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு விவரம் தெரிந்து, வெட்கப்பட வேண்டிய வயது வந்த பிறகும் அவர் அதை ஒரு நாளும் கிண்டலாகச் சொன்னதில்லை. ஒரு மடையனை இத்தனை வருஷம் வீரனாகவே வைத்திருந்தார். அதற்கு நான் எந்த மேடையில் ஏறி நன்றி சொல்ல? அவர் போய் வெகு காலமாகிவிட்டது.

போன வாரம் அத்தை மகனின் விழாவில், சாப்பாட்டு மேசையில் நான் இந்தக் கதையைக் கை கால் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்த பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“அந்த வண்டில ஏறவே மாட்டேன்னு காலைலேர்ந்து சொல்லிகினே இருந்தாருடா” என்றாள். “வேல போச்சின்னு மேளம் அடிச்சா இட்டுகினு வருவாங்க, தெருவே பாக்கும், எனக்கு அழுக வந்துடும்னாரு. நான்தான் திட்டி, வேட்டி கட்டிவுட்டு அனுப்பினேன். அப்புறம் ராத்திரி சொன்னாரு, பாலம் பூரா அழுதுகினே வந்தேன், பையன் பாக்கலன்னு.”

பெரியப்பாவுக்கு அந்த வண்டியிலிருந்து இறங்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. நான் ஏறிப் போய் அழுதேன். அவர் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அழுதுகொண்டே நடந்து வீட்டுக்கு வந்தார்.