பெயரெழுதாத இரண்டு கிண்ணங்கள்

நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் வாய்க்குத்தான் முதல் தடை. கதவுக்கு வெளியே ஒரு சின்ன இராக்கை இருக்கிறது. தண்ணீர்ப் போத்தல், இருமல் இனிப்பு, சூயிங்கம் எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். முதல் நாள் பழக்கதோசத்தில் ஒரு கராம்பைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு போய் நின்றேன். எனக்குப் பொறுப்பான முனைவர் பட்ட மாணவி கார்லா என் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். துப்பிவிட்டு வந்த பிறகுதான் சிரித்தாள். உள்ளே உப்புக்கூடப் பெயர்ச்சீட்டு ஒட்டிய போத்தலில் இருக்கும். என்ன உப்பு, எவ்வளவு சுத்தம், யார் திறந்தது, என்றைக்குத் திறந்தது என்று எல்லாம் எழுதியிருக்கும். இலங்கையில் எங்கள் புத்தளத்தில் உப்பு குவியல் குவியலாகப் பாதையோரம் கிடக்கும். மழைக்குக் கிடுகு போட்டு மூடுவார்கள். அதற்கு யாரும் பெயர் எழுதி நான் கண்டதில்லை.

ஜெர்மனியில் கோடை விடுமுறைக்கு இரசாயனம், பொருளறிவியல் படிக்கிற மாணவர்களை மூன்று மாதம் ஆய்வு உதவிக்கு எடுப்பார்கள். ‘ஹிவி’ என்பது அந்த வேலைக்குப் பெயர். புத்தளத்துக் கண்டக்குழிக் கிராமத்திலிருந்து வந்த எனக்கு அது வெறும் வேலை இல்லை. கோடை முடிவில் பேராசிரியர் ஒரு சிபாரிசுக் கடிதம் தந்தால் முதுகலைக்கு இடம் கிடைக்கும். இடம் கிடைத்தால் விசா நீளும். இல்லாவிட்டால் ஒக்டோபரில் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். பாதுகாப்பு விதிகள் என்று பதினாறு பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பாரதூரமாக மீறினால் ஒப்பந்தம் இரத்து என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதனால் கண்ணாடிக் குழாயைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்குவேன். நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. இங்கே வந்து அது முற்றிவிட்டது.

அப்படிப் பயந்தவள் செய்த வேலையைக் கேளுங்கள். எங்கள் குழு பேரியம் சேர்ந்த ஒரு பீங்கான் வகைப் பொருளைச் செய்கிறது, மின்னணுக் கருவிகளுக்கு. ஒருநாள் பிற்பகல் யன்னலோரம் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் கரைசலை வற்றவைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் சாதாரண உப்பு, மற்றதில் பேரியம் குளோரைட். இரண்டே இரண்டுதானே, எது எதென்று மறந்துபோவேனா என்று பெயர் எழுதவில்லை. நேரத்தைக் குறிப்பேட்டில் பதியக் கையுறையைக் கழற்றினேன். திரும்பிப் பார்த்தால் ஒரு கிண்ணத்தின் விளிம்பில் பளிங்கு கட்டி ஏறியிருந்தது. என் சுட்டுவிரல் போய் ஒரு பளிங்கை எடுத்தது. அது நாக்கில் பட்டது. கசந்தது. ‘கசப்புத் தண்ணி வடிக்கல்ல’ என்று மனதுக்குள் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் இந்த அறையில் கடல் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

என் வாப்பா பாலாவிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர். பாத்தியில் உப்பு விளைந்த பிறகு மேலே மிஞ்சி நிற்கும் தண்ணீருக்குக் கடும் கசப்பு. அதை நேரத்துக்கு வடிக்காவிட்டால் உப்பும் கசந்துபோகும். அளக்கிற கருவி கங்காணியிடம் இருக்கும், ஆனால் வாப்பா அதை எதிர்பார்த்து நிற்கமாட்டார். ஒரு பளிங்கை எடுத்து முன்பல்லில் நொறுக்கி, நாக்கில் வைத்து, உடனே துப்பிவிட்டு, “தொறந்து உடு” என்பார். பாடசாலை விடுமுறையில் சோற்றுப் பார்சல் கொண்டுபோகும் நானும் அதைப் பழகிக்கொண்டேன். அந்தப் பழக்கம் கடல் தாண்டி என்னோடு வந்ததும், பதினாறு பக்கக் கையெழுத்துக்கு அது அடங்காது என்பதும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

துப்பினேன். குழாயடியில் வாயை எத்தனை தரம் கொப்பளித்தேன் என்று தெரியாது. பிறகு போத்தலின் சிவப்புச் சீட்டை வாசித்தேன். விழுங்கினால் நஞ்சு. தசைகள் பலவீனமாகும், இதயத் துடிப்பு தவறும். நான் தொட்டது எந்தக் கிண்ணம்? யன்னல் பக்கத்துக் கிண்ணமா, சுவர்ப் பக்கமா? யன்னல் பக்கம் என்றுதான் விரல் சொன்னது. ஆனால் எந்தக் கரைசலை எந்தப் பக்கம் வைத்தேன் என்பது ஒரேயடியாக மறந்துபோயிருந்தது. கார்லா அடுத்த அறையில் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பத்து அடி நடந்தால் சொல்லிவிடலாம். சொன்னால் ஒப்பந்தம், கடிதம், விசா மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கதிரையில் உட்கார்ந்து விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தேன். உதடு மரத்ததுபோல இருந்தது. பயத்தில் மரத்ததா, நஞ்சில் மரத்ததா என்று பிரித்தறிய முடியவில்லை. தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன். அரை மணித்தியாலம் அப்படியே போனது.

நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த வருடம் வாப்பாவின் காலில் உப்பு வாரும் பலகையின் ஆணி ஏறியது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பருவம் முழுக்க வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்ற பயம். காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு கிழமை உப்புத் தண்ணீரிலேயே நின்றார். கடைசியில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். கட்டிலில் கிடந்தபடி உம்மாவைப் பார்த்து, “சொல்லாம ஈந்துட்டன்” என்று மட்டும் சொல்லி அழுதார். வேறு எதற்கும் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆய்வுகூடக் கதிரையில் எனக்கு அந்தக் கால்தான் கண்ணுக்குள் நின்றது. எழுந்து போனேன்.

கார்லா கத்தவில்லை. எந்தக் கிண்ணம், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மூன்றே கேள்வி கேட்டாள். நஞ்சு அவசர இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து, தோளால் அதைக் காதோடு அணைத்துக்கொண்டே, இரண்டு கிண்ணத்திலும் ஒவ்வொரு துகளை எடுத்து இரண்டு சோதனைக்குழாய்களில் தண்ணீர் விட்டுக் கரைத்தாள். சல்பேட் கரைசல் ஒரு துளி விட்டால் பேரியம் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். முதலாம் வருடத்திலேயே படித்த பரிசோதனை. சுவர்ப் பக்கத்துக் குழாய் தெளிந்தே இருந்தது. யன்னல் பக்கத்துக் குழாய் தேங்காய்ப்பால் விட்டதுபோல வெளுத்தது.

ஆஸ்பத்திரியில் மார்பில் வயர்களை ஒட்டினார்கள், இரத்தம் எடுத்தார்கள், பொட்டாசியம் பார்த்தார்கள். ஆறு மணித்தியாலம் வைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கும் வெயில் அணையவில்லை, மஃரிப் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. நாக்கில் பட்டது மிகக் கொஞ்சம், துப்பியும்விட்டாய், ஒன்றும் ஆகாது என்று டொக்டர் சொன்னார். நான் அழுதேன். உடனே அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

“உன்னை நீயே ஏதும் செய்துகொள்ளப் பார்த்தாயா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இல்லை. அது எங்கள் வீட்டுப் பழக்கம்.”

“வீட்டில் இரசாயனங்களைச் சுவைப்பீர்களா?”

“இல்லை, உப்பை.”

“ஆனால் அது உப்பு இல்லையே.”

“கசந்தது. அதனால்தான் உப்பு என்று நினைத்தேன்.”

அவர் என் கோப்பில் எதையோ எழுதினார். வாசலில் நின்ற கார்லாவின் கண் சிவந்திருந்தது. அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள் என்று அப்போது விளங்கியது. நஞ்சைவிட அது என்னை அதிகம் பயமுறுத்தியது. ஒரு சின்னப் பழக்கத்தை இங்கே விளக்கிச் சொல்ல முடியாவிட்டால், அது நோயாகப் பதிவாகிவிடும்.

பேராசிரியர் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. மிச்சக் கோடை முழுக்கக் கணினியில் தரவு பார்க்கும் வேலை, தனியே ஆய்வுகூடத்துக்குள் போகக்கூடாது. கடிதத்தைப் பற்றி, “பார்ப்போம்” என்றார். இதை எழுதும்வரை அது வரவில்லை. இங்கே கோடை வேலைக்கு விண்ணப்பிக்கிற நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கிண்ணத்தில் பெயர் எழுதுங்கள், பிழை செய்தால் உடனே சொல்லுங்கள். நான் பயந்து உட்கார்ந்த அந்த அரை மணித்தியாலம்தான் என்னை இன்னும் உறங்கவிடாமல் வைத்திருக்கிறது.

இரண்டு கிழமை கழித்து வாப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“கசந்துச்சா மகள்?” என்றார்.

“ஓம் வாப்பா.”

“துப்பிட்டியா?”

“துப்பிட்டன்.”

“யாருக்கிட்டயும் சொன்னியா?”

“சொன்னன்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

போன கிழமை ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் உம்மா ஒரு பொதி உப்பு கொடுத்தனுப்பியிருந்தா. இந்தப் பருவத்து முதல் வாரல், வாப்பா தன் கையால் எடுத்தது. அதை ஒரு கண்ணாடிப் போத்தலில் கொட்டினேன். பேனையை எடுத்துச் சீட்டில் உப்பு, பாலாவி என்று எழுதி, திகதி போட்டு ஒட்டினேன். பிறகு மூடியைத் திறந்து ஒரு பளிங்கை எடுத்தேன். வாப்பா எனக்கென்று எடுத்தனுப்பிய உப்பு அது, அதில் நஞ்சு இல்லை என்பது எனக்கு நிச்சயம். இருந்தும் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. அதைத் திரும்பப் போத்தலுக்குள் போடவும் மனம் வரவில்லை. விரல் ஈரத்தில் அது கரையும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.